இசையா, மொழியா, காசா? ஜீப்பில் மலையேறும் ராஜா - வைரமுத்து பஞ்சாயத்து!

போடிநாயக்கனூரில் பொழுது விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் தூக்குவாளியோடு ஏறி நெருக்கியடித்து உட்கார, வண்டி முந்தலைத் தாண்டி போடிமெட்டு மலைப்பாதையைப் பிடிக்கும். டிரைவரின் பென் டிரைவில் பெரும்பாலும் இளையராஜாதான். இரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டுவதற்குள் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். “இந்தப் பாட்டைப் போட்டதுக்கு நமக்கும் நோட்டீஸ் வருமாய்யா?”

முதலில் சிரிப்பு. அப்புறம் சண்டை!

சினிமாக்காரர்களின் சர்ச்சையைப் பற்றி நண்பர்கள் கூடி வாயாடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். அஜித்தா விஜய்யா என்று மோதாத டீக்கடை தமிழ்நாட்டில் உண்டா என்ன? ஆனால், பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற விவாதம் போடிப் பக்கம் நடக்கும்போது அதில் கூடுதலாக ஒரு காரம் சேர்ந்துவிடுகிறது. காரணம், அந்தப் பெரிய மனிதர்கள் இவர்களுக்கு வெளியூர்க்காரர்கள் இல்லை. போடியிலிருந்து சிலமலை, ராசிங்காபுரம் வழியாகத் தேவாரத்தைத் தாண்டினால் இளையராஜாவின் பண்ணைப்புரம். அந்தப் பக்கம் பெரியகுளத்தை ஒட்டி வைரமுத்துவின் வடுகபட்டி. தேனிக்குப் போனால் அல்லிநகரம், பாரதிராஜாவின் ஊர். ஒரு நாளில் மூன்று ஊரையும் டவுன் பஸ்ஸிலேயே சுற்றிவந்துவிடலாம். பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி சண்டையைப் பேசுகிற உரிமையில்தான் இங்கே இதைப் பேசுகிறார்கள்.

ஒரே மண், ஒரே படம்

பழைய கதையைத் தெரிந்துகொண்டால்தான் இன்றைய சண்டையின் சூடு புரியும். 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தது. பண்ணைப்புரத்து ராசையா இளையராஜா ஆனார். அடுத்த ஆண்டே பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’. 1980-ல் பாரதிராஜா இயக்கிய ‘நிழல்கள்’ படத்தில் இளையராஜா இசையில் பாடலாசிரியராக அறிமுகமானார் வைரமுத்து. தேனிப் பக்கத்து மூவரும் ஒரே படத்தில்! 1985-ல் ‘முதல் மரியாதை’யில் மறுபடியும் அதே கூட்டணி. அந்தப் படத்துக்காகத்தான் வைரமுத்துவுக்கு முதல் தேசிய விருது கிடைத்தது.

அதற்குப் பிறகு அதிக காலம் நீடிக்கவில்லை. 80-களின் பிற்பகுதியில் இளையராஜாவும் வைரமுத்துவும் பிரிந்தார்கள். 1992-ல் ‘ரோஜா’ வந்தபோது வைரமுத்துவின் பக்கத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் இருந்தார். இடையில் என்ன நடந்தது என்பதற்குத் தேனி மாவட்டத்தில் டீக்கடைக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். நேரில் பார்த்ததுபோலவே சொல்வார்கள். அதையெல்லாம் நம்ப வேண்டியதில்லை.

அந்தப் பழைய காயத்தை 2024 ஏப்ரல் மாதம் மறுபடியும் கிளறிவிட்டது. இளையராஜாவின் பாடல்களுக்கான உரிமை தொடர்பாக எக்கோ நிறுவனம் தொடர்ந்த மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. இசையமைப்பாளர் உரிமை கேட்டால், பாட்டு எழுதியவரும் கேட்பாரே, வரி இல்லாமல் பாட்டு ஏது என்ற கேள்வியை நீதிபதிகள் எழுப்பினார்கள். ‘எல்லோருக்கும் மேலானவர்’ என்ற ரீதியில் இளையராஜா தரப்பு வழக்கறிஞர் சொன்ன ஒரு வார்த்தை தலைப்புச் செய்தியானது. அதே மாதக் கடைசியில் ஒரு பட விழாவில் பேசிய வைரமுத்து, இசையும் மொழியும் சேர்ந்தால்தான் பாட்டு, இதைப் புரிந்துகொண்டவன் ஞானி, புரியாதவன் அஞ்ஞானி என்கிற பொருளில் பேசினார். யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அடுத்து கங்கை அமரன் வீடியோவில் வந்து, வைரமுத்துவை வளர்த்துவிட்டதே இளையராஜாதான், நன்றி வேண்டாமா என்று கொதித்தார்.

அவ்வளவுதான். ஜீப்பில், டீக்கடையில், ஏலக்காய் தரம் பிரிக்கும் இடத்தில், எங்கே பார்த்தாலும் இரண்டு கட்சி. ராஜா கட்சியின் வாதம் நேரடியானது. மெட்டு முதலில் பிறந்தது; வரி அதற்குள் வந்து உட்கார்ந்தது. வாய்க்கு வரி மறந்துபோனாலும் மெட்டை முணுமுணுக்கலாம். மெட்டு மறந்தால் என்ன மிஞ்சும்? கவிஞர் கட்சி விடுமா? மெட்டை மட்டும் முணுமுணுத்துக் காதலைச் சொல்லிப் பார், அந்தப் பெண் திரும்பிப் பார்க்கிறாளா என்று கேட்கிறது. வைகை அணைக்காக ஊரை இழந்தவர்களின் கதையை ‘கள்ளிக்காட்டு இதிகாச’மாக எழுதி, 2003-ல் சாகித்திய அகாடமி விருது வாங்கிய மனுஷனைப் பார்த்து மொழி சின்னதா என்று கேட்பதா என்பது இவர்களின் கோபம். அணையால் இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கோபத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது.

குகைக்குள் ஒலித்த பாட்டு

இந்தச் சண்டை சூடாக இருந்தபோதே ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ விவகாரமும் வந்து சேர்ந்தது. கொடைக்கானல் குணா குகையில் 2006-ல் விழுந்த நண்பனை மீட்ட கேரள இளைஞர்களின் உண்மைக் கதை. 2024 பிப்ரவரியில் வெளியாகி, மலையாளப் படமாகவே தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் ஓடு ஓடென்று ஓடியது. ‘குணா’ படத்தின் பாட்டு எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1991 தீபாவளிக்கு ‘குணா’வும் ‘தளபதி’யும் ஒரே நாளில் வந்தன. இரண்டுக்கும் இசை இளையராஜா. அன்று ‘தளபதி’ அளவுக்கு ஓடாத ‘குணா’வுக்கு 33 வருஷம் கழித்து ஒரு மலையாளப் படம் மறுவாழ்வு கொடுத்தது.

அந்த மே மாதமே இளையராஜா தரப்பிலிருந்து தயாரிப்பாளர்களுக்கு நோட்டீஸ் போனது. தங்களிடம் அனுமதி கேட்கவில்லை என்பது புகார். உரிமை வைத்திருக்கும் இசை நிறுவனங்களிடம் முறைப்படி வாங்கினோம் என்றது படக்குழு.

போடிக்கு இது வேறு மாதிரி சங்கடம். ஏலக்காய் ஏலத்துக்குக் கேரள வியாபாரிகள் இங்கே வருகிறார்கள். இங்கிருந்து பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் தோட்டங்களுக்குத் தினமும் ஆள் போகிறது. எழுத்தாளர் ஜெயமோகன் அந்தப் படத்தையும், மலையில் வந்து குடித்துக் கூத்தடிக்கும் மலையாளிகளையும் கடுமையாகத் திட்டி எழுதி, கேரளம் கொந்தளித்த சமயம் அது. தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்று காய் எடுப்பவர்களுக்கு, ‘உங்க பாட்டை நாங்க கொண்டாடினோம், நீங்க நோட்டீஸ் அனுப்புறீங்களே’ என்ற கிண்டலுக்குப் பதில் சொல்வது லேசான காரியமா?

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பாட்டை எழுதியவர் வாலி. 2013-லேயே மறைந்துவிட்டார். இசைக்கு நோட்டீஸ் போகிறது. வரிக்கு யார் போய்க் கேட்பது?

ஏலக்காய் உதாரணம் எங்கே இடறுகிறது?

ராஜாவை எதிர்ப்பவர்கள் போடியில் கையில் எடுக்கும் பெரிய ஆயுதம், அவர்களின் சொந்தத் தொழில்தான். காயை எடுத்து, ஸ்டோரில் உலர்த்தி, ஏல மையத்துக்குக் கொண்டுவந்து விற்றாகிவிட்டது. பணம் வாங்கியாகிவிட்டது. 2019-ல் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனதே, சில மாதம் முன்னால் அதில் பாதி விலைகூடக் கிடைக்காமல் விற்ற விவசாயி வியாபாரியிடம் போய், ‘மீதிப் பணத்தைக் கொடு’ என்று கேட்டானா? பாட்டுக்குச் சம்பளம் வாங்கியவர் மட்டும் ஏன் கேட்கிறார்?

கேட்பதற்குச் சரியாகத்தான் படுகிறது. ஆனால், ஏலக்காய் ஒரு தடவை டீயில் விழுந்தால் முடிந்தது. பாட்டு அப்படித் தீர்வதில்லை. ரேடியோவில் ஓடியது, கேசட்டில் ஓடியது, சி.டி-யில் ஓடியது, ரிங்டோனாக ஓடியது, இப்போது யூடியூபிலும் ரீல்ஸிலும் ஓடுகிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் யாரோ ஒருவருக்குக் காசு. அந்த யாரோ யார் என்பதுதான் வழக்கு.

நம் நாட்டின் காப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. 1977-ல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான வழக்கில், தயாரிப்பாளர் பணம் கொடுத்துப் படத்துக்காகப் பாட்டுப் போடச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் உரிமை தயாரிப்பாளருக்கே என்று சொன்னது. இளையராஜா வந்த மறு ஆண்டு! அவருடைய உச்சகாலம் முழுக்க அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் கழிந்தது. அன்று தயாரிப்பாளர் பாட்டு உரிமையை இசைத்தட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். இன்டர்நெட் என்று ஒன்று வரும் என்று அந்த ஒப்பந்தத்தை டைப் அடித்தவருக்குத் தெரியுமா?

2012-ல் சட்டம் திருத்தப்பட்டது. மாநிலங்களவையில் இதற்காக வாதாடியவர்களில் முக்கியமானவர், இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். பாட்டை யாருக்கு எழுதிக் கொடுத்தாலும், தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற எல்லாப் பயன்பாட்டிலும் ராயல்டி பெறும் உரிமையை இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் விட்டுக்கொடுக்கவே முடியாது, உரிமையாளரோடு சமமாகப் பங்கு வேண்டும் என்றது திருத்தம். பாடகர்களுக்கும் தனியாக ராயல்டி வழி பிறந்தது.

கொஞ்சம் நிறுத்தி இதைப் பார்க்க வேண்டும். சட்டம் இசையமைப்பாளரையும் பாடலாசிரியரையும் எதிரெதிரே நிறுத்தவில்லை. ஒரே பெஞ்சில், பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறது. எதிர் பெஞ்சில் இருப்பது பழைய ஒப்பந்தக் காகிதத்தைக் கையில் வைத்திருக்கும் நிறுவனங்கள். இசை பெரிதா, மொழி பெரிதா என்று பண்ணைப்புரத்துக்காரரின் ரசிகரும் வடுகபட்டிக்காரரின் ரசிகரும் சட்டையைப் பிடித்துக்கொள்ளும் நேரத்தில், அந்தப் பாட்டின் காசு இருவர் ஊரையும் எட்டிப் பார்க்காமல் எங்கோ போய்க்கொண்டிருக்கலாம். ராஜா ஜெயித்தால் அதில் வைரமுத்துவுக்கும் வழி திறக்கும். கவிஞர் கட்சி இதைச் சொன்னால் ஒப்புக்கொள்வதில்லை. ராஜா கட்சி அதைவிட மோசம்!

2012-க்கு முன்பு போட்ட ஒப்பந்தங்களுக்குப் புதிய திருத்தம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில்தான் வழக்கறிஞர்கள் மோதுகிறார்கள். 1,000 படங்களுக்கு மேல் இசையமைத்தவர் என்பதால் காகிதமும் அவ்வளவு. 2019 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, தன் பாடல்களின் மீது இளையராஜாவுக்குத் தார்மிக உரிமையும் சிறப்பு உரிமையும் உண்டு என்றார். தயாரிப்பாளர்களிடம் நிறுவனங்கள் வாங்கிய ஒலிப்பதிவு உரிமையையும் அதே தீர்ப்பு ஏற்றது. இரண்டு தரப்பும் தங்களுக்குப் பிடித்த பாதியை மட்டும் படிக்கின்றன. டீக்கடையிலும் அப்படித்தான்.

பாலு விஷயத்தில் மட்டும்...

சட்டம் எவ்வளவு பேசினாலும், ராஜாவின் தீவிர ரசிகர்களே குரல் தாழ்த்தும் இடம் ஒன்று இருக்கிறது. 2017 மார்ச். எஸ்.பி.பாலசுப்ரமணியம் திரைவாழ்வின் 50 ஆண்டைக் கொண்டாட அமெரிக்காவில் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தார். சித்ரா, மகன் சரண் எல்லோரும் உடன் இருந்தார்கள். அனுமதி இல்லாமல் தன் பாடல்களை மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது. சட்டம் தெரியாமல் இருந்துவிட்டோம், இனி ராஜாவின் பாடல்களைப் பாட மாட்டோம் என்று எஸ்.பி.பி ஃபேஸ்புக்கில் அறிவித்தார்.

சட்டப்படி பார்த்தால் டிக்கெட் போட்டு நடத்தும் கச்சேரிக்கு அனுமதி தேவைதான். அதை மறுக்க முடியாது. ஆனால், சினிமாவுக்கு வருவதற்கு முன்பிருந்தே ‘வாடா போடா’ என்று பழகிய நண்பனுக்கு வக்கீல் மூலமாகவா சொல்வது என்ற கேள்வி இன்றைக்கும் ஆறவில்லை. ஒரு போன் போட்டிருக்கலாமே என்பார்கள். போடியில் இந்த இடத்தில் விவாதம் இசையை விட்டு நகர்ந்து, பங்காளியிடம் கணக்குக் கேட்கலாமா கூடாதா என்று போய்விடும். அவரவர் வீட்டுப் பாகப்பிரிவினை ஞாபகம் வந்துவிடும்போலிருக்கிறது.

2019 ஜூன் 2-ம் தேதி சென்னையில் நடந்த இளையராஜாவின் பிறந்தநாள் கச்சேரியில் இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள். அடுத்த ஆண்டு எஸ்.பி.பி கொரோனாவோடு மருத்துவமனையில் கிடந்தபோது, எழுந்து வா என்று கலங்கியபடி இளையராஜா பேசிய வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. 2020 செப்டம்பர் 25-ம் தேதி எஸ்.பி.பி போய்விட்டார்.

அஜித் ரசிகனும் அப்பாவும்

இளைய தலைமுறைக்கு இந்தப் பஞ்சாயத்து வேறு வாசல் வழியாக வந்தது. 2025 ஏப்ரலில் வெளியான அஜித்தின் ‘குட் பேட் அக்லி’யில் இளையராஜாவின் மூன்று பழைய பாடல்கள் வந்தன. தியேட்டரில் விசில் பறந்தது. 5 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு நோட்டீஸும் பறந்தது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க, படம் நெட்ஃபிளிக்ஸிலிருந்தே காணாமல் போனது. அதே தயாரிப்பு நிறுவனம் தீபாவளிக்குக் கொண்டுவந்த பிரதீப் ரங்கநாதனின் ‘டியூட்’ படத்திலும் இதே சிக்கல். அதில் பயன்படுத்தப்பட்டது ‘புதுநெல்லு புதுநாத்து’ பாட்டு. 1991-ல் பாரதிராஜா இயக்கிய படம். சுற்றிச் சுற்றித் தேனிக்கே வருகிறது வண்டி!

12 வருஷம் ரயில் இல்லாமல் கிடந்த போடிக்கு 2023 ஜூனில் மறுபடியும் ரயில் வந்தது. இப்போது சென்னையில் படிக்கிற, வேலை பார்க்கிற பிள்ளைகள் லீவுக்கு வரும்போது இந்த விவாதத்தையும் கையோடு கொண்டுவருகிறார்கள். வீட்டுக்கு வீடு அணி மாறுகிறது. பழைய பாட்டை இன்றைய பசங்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதே இந்தப் படங்கள்தானே, ராஜா சார் நன்றிதான் சொல்ல வேண்டும் என்கிறான் மகன். சேர்க்கிற புண்ணியவான் எட்டுப் பத்து விநாடிக்கு ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சேர்த்தால் என்ன என்கிறார் அப்பா. 2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு தன் சிம்பொனியை அரங்கேற்றியவரிடம், வயது 80-ஐத் தாண்டிய பின்னும் பண ஆசை என்று யாராவது சொன்னால், அந்த வீட்டில் அன்றைக்குச் சாப்பாடு சந்தேகம்தான்.

சரி, நமக்கு நோட்டீஸ் வருமா?

ஜீப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். நாலு நண்பர்கள் கூடிப் பாடுவதற்கும், வீட்டில் பாட்டுப் போடுவதற்கும் யாரும் நோட்டீஸ் அனுப்ப மாட்டார்கள். கல்யாணத்துக்கும் பயப்பட வேண்டாம். மதச் சடங்குகளுக்கும், கல்யாண ஊர்வலம் உள்ளிட்ட கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு இதை மறுபடியும் தெளிவுபடுத்தியது. பரமசிவன் மலைக்கோயில் சித்திரைத் திருவிழாவில் சாமி கும்பிடும்போது ஒலிக்கும் பாட்டுக்கு ஒரு நியாயம். டிக்கெட் போட்டு, விளம்பரதாரர் பேனர் கட்டி நடத்தும் இன்னிசைக் கச்சேரிக்கு வேறு நியாயம். அதற்கு முறையாக அனுமதி வாங்கத்தான் வேண்டும்.

ரீல்ஸ் விஷயத்தில்தான் போடிக்காரர்கள் உஷாராக இருக்க வேண்டும். சொந்தமாகப் போடும் ரீல்ஸுக்கு, அந்தந்தத் தளம் இசை நிறுவனங்களோடு செய்துகொண்ட ஏற்பாடு இருக்கும். கடை விளம்பரத்துக்கு அது செல்லாது. ஏலக்காய் பாக்கெட்டைக் காட்டி, பின்னணியில் ராஜா பாட்டைப் போட்டு, கீழே ஆர்டர் செய்ய போன் நம்பர் கொடுத்தால் அது வியாபாரம்.

இந்த மலைப்பாதைக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு ஜீப் காலத்துக்கு முந்தையது. 1958-ல் கேரளத்தின் தேவிகுளத்தில் இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். தோட்டத்து வேலைக்காரர்கள் பெரும்பாலும் தமிழர்கள் என்பதால், அவர்களிடம் தமிழிலேயே பாடி ஓட்டுக் கேட்க மலையேறினார் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன். இளையராஜாவின் அண்ணன். ரோசம்மா ஜெயித்தார். மக்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டில் கட்சி வரிகளைப் போட்டுப் பாடுவது அன்றைய மேடை வழக்கம். பாவலரும் அப்படிப் பாடியவர்தான். மெட்டு யாருடையது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

ராஜா கட்சியை மடக்க எதிர்க்கட்சி இந்தக் கதையைத்தான் கடைசியாக எடுத்துவிடும். ராஜா கட்சியிடமும் பதில் தயாராக இருக்கிறது. “பாவலர் அதுல பத்துப் பைசா சம்பாதிச்சாரா? சம்பாதிக்கிறவன்கிட்டதான்யா தம்பி கேட்கிறாரு!”